மேயோ கவுண்டி: வரலாறும் மக்கள்தொகையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் மேயோவில் சில ஆண்டுகள் குடியிருந்தேன். ஊர் திரும்பிய பிறகு நண்பர்களும் உறவினர்களும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் அந்த இடத்தைப் பற்றி ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அதிகம் கேட்கப்பட்டவற்றுக்கு அதிகமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

மேயோ எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

அயர்லாந்துக் குடியரசின் வடமேற்கில், கானாட் மாகாணத்தில், அட்லாண்டிக் பெருங்கடலை நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கிறது. கவுண்டி என்பது ஏறத்தாழ நம்முடைய மாவட்டம். பரப்பு சுமார் 5,588 சதுர கிலோமீட்டர். அந்நாட்டில் கார்க், கால்வே இரண்டுக்கும் அடுத்த பெரிய கவுண்டி இதுதான். தலைநகர் காசில்பார். பாலினா, வெஸ்ட்போர்ட் என்று இன்னும் இரண்டு சொல்லத்தக்க ஊர்கள். மற்றதெல்லாம் மலை, ஏரி, புல்வெளி, சதுப்பு, கடல். நகரம் என்று சொல்லும்படி ஒன்றுகூட இல்லை.

ஐரிஷ் மொழியில் இதன் பெயர் 'மை யோ'. யூ மரங்கள் நிறைந்த சமவெளி என்று பொருள். அந்த மரக்காடுகள் எப்போதோ போய்விட்டன.

பாடப்புத்தகத்தில் வரும் மேயோ பிரபு இந்த ஊர்க்காரரா?

பட்டம் இந்த ஊரின் பெயரால் வந்தது. 1869 முதல் 1872 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த ரிச்சர்ட் போர்க், ஆறாவது மேயோ பிரபு. அவருடைய குடும்ப மாளிகை அயர்லாந்தின் கிழக்குப் பக்கம் கில்டேர் கவுண்டியில் இருந்தது. 1872 பிப்ரவரி 8 அன்று போர்ட் பிளேரில் ஷேர் அலி என்ற கைதி அவரைக் குத்திக் கொன்றான்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அவர் இன்னொரு காரணத்தால் நினைவில் இருப்பார். இந்தியாவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று சொல்லப்படும் 1872-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அவருடைய ஆட்சியோடு சேர்த்தே பேசப்படுகிறது. நம் நாட்டில் தலைகளை எண்ணத் தொடங்கியவரின் பட்டத்தில் இருக்கும் அந்த ஊரில், அதே காலத்தில், ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் தலைகள் குறைந்துகொண்டிருந்தன. இந்த ஊரின் மக்கள்தொகையில் எனக்கு ஈடுபாடு வந்ததே அதை அறிந்த பிறகுதான்.

இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2022 கணக்கெடுப்பின்படி 1,37,970 பேர். 2016-இல் 1,30,507. ஆறு ஆண்டுகளில் ஏழாயிரத்துச் சொச்சம் கூடியிருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 25 பேருக்கும் குறைவு.

இந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. 1841-இல் இதே மண்ணில் 3,88,887 பேர் இருந்தார்கள். இன்று இருப்பது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அன்றைக்கு இருந்ததைவிட இன்று மக்கள் குறைவாக இருக்கும் மாவட்டம் ஒன்றை நம் பக்கத்தில் கற்பனை செய்வதுகூடக் கடினம்.

அவ்வளவு பேர் எப்படி அங்கே வாழ்ந்தார்கள்? நல்ல விளைநிலம்கூட இல்லையே?

நியாயமான கேள்வி. பதில் ஒரே சொல்: உருளைக்கிழங்கு.

மேற்கு அயர்லாந்தின் ஈரமான, அமிலத்தன்மை கொண்ட மண்ணில் கோதுமை சரியாக வராது. உருளைக்கிழங்கு வரும். கடற்கரையிலிருந்து கூடை கூடையாகக் கடற்பாசியைச் சுமந்து வந்து உரமாகப் போட்டால் மலைச்சரிவில்கூட வரும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் இருந்தால் ஒரு குடும்பம் ஆண்டின் பெரும்பகுதியை ஓட்டிவிடும். கிழங்கும் மோரும் சேர்ந்தால் உடம்புக்கு வேண்டிய சத்து கிட்டத்தட்ட முழுவதும் கிடைத்துவிடும். அதனால் இளவயதிலேயே திருமணம் செய்துகொண்டார்கள். அப்பா தன் குத்தகை நிலத்தில் ஒரு துண்டை மகனுக்குப் பிரித்துக் கொடுத்தார். மகன் தன் பிள்ளைகளுக்கு மேலும் சிறியதாகப் பிரித்தான்.

'ரண்டேல்' என்று ஒரு முறை இருந்தது. ஊரே கூட்டாக நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும். நல்ல மண், சுமாரான மண், கல்லாங்காடு எல்லாவற்றிலும் எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு கிடைக்கும்படி பங்கு போட்டுக்கொள்வார்கள். வீடுகள் ஓரிடத்தில் நெருக்கமாக இருக்கும். வேலி கிடையாது. பங்கு சண்டையில்லாமல் பிரிந்தாலும் துண்டுகள் சிறுத்துக்கொண்டே போயின.

நிலம் அவர்களுடையது இல்லை என்பதுதான் அடிப்படைச் சிக்கல். மக்கள் கத்தோலிக்கர்; நிலச்சுவான்தார்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் பிரிவினர். பலர் ஊரிலேயே இருப்பதில்லை. விளைந்த ஓட்ஸும் வளர்த்த பன்றியும் வாரத்துக்கு, அதாவது நிலக் குத்தகைக்கு, போய்விடும். மிஞ்சிய கிழங்குதான் சாப்பாடு. 1841 கணக்கெடுப்பில் வீடுகளை நான்கு தரமாகப் பிரித்தார்கள். நான்காம் தரம் என்றால் ஒரே அறை கொண்ட மண்குடிசை. மேயோவின் வீடுகளில் பாதிக்கும் மேல் அந்தத் தரம்தான்.

முதன்முதலில் அங்கே குடியேறியவர்கள் யார்?

பெயர் தெரியாத விவசாயிகள். வடக்கு மேயோவில் பாலிகாசில் என்ற ஊருக்கு அருகே, கடலைப் பார்த்த செங்குத்துப் பாறைக்கு மேலே, கேஜ நிலங்கள் என்று ஓர் இடம் இருக்கிறது. 1930-களில் அங்கே ஒரு பள்ளி ஆசிரியர், பேட்ரிக் கால்ஃபீல்ட், அடுப்புக்காகச் சதுப்பு மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார். மேற்கு அயர்லாந்தில் இந்தக் கருப்பு மண்ணைச் செங்கல் போல வெட்டிக் காயவைத்துதான் அடுப்பெரித்தார்கள். ஆழத்தில் கல் தட்டுப்பட்டது. தானாக விழுந்த கல்லாக அது தெரியவில்லை. கையால் அடுக்கிய வரிசையாக இருந்தது. அதன் மேல் பல அடி உயரத்துக்குச் சதுப்பு வளர்ந்திருந்தது. அப்படியானால் சுவரைக் கட்டியவர்கள் சதுப்புக்கு முந்தியவர்கள் என்று அவர் புரிந்துகொண்டார்.

அவருடைய மகன் ஷேமஸ் கால்ஃபீல்ட் தொல்லியல் படித்துவிட்டு, 1970-களில் அதே இடத்துக்குத் திரும்பி வந்து முறையாக ஆராய்ந்தார். தோண்டவே வேண்டியிருக்கவில்லை. நீண்ட இரும்புக் கம்பியைச் சதுப்புக்குள் இறக்கினால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். கல்லில் பட்டால் டக்கென்று நிற்கும். நின்ற இடத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டு அடுத்த அடி. குச்சிகளை இணைத்துப் பார்த்தபோது கிலோமீட்டர் கணக்கில் வயல் வரப்புகள் வெளிப்பட்டன. அவர் கணித்த காலம் சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன். காலக் கணிப்பில் ஆய்வாளர்களிடையே வாதம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளோடும் மாடுகளோடும் ஒரு பெரிய சமூகம் அங்கே ஒழுங்காக நிலம் பிரித்து வாழ்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கடற்கொள்ளை ராணி ஒருத்தி இருந்தாளாமே?

கிரேஸ் ஓமாலி. ஐரிஷ் மொழியில் கிரான்யா. சுமார் 1530-இல் பிறந்தவர். க்ளூ விரிகுடாவில் அவர் குடும்பத்துக்குக் கப்பல்கள் இருந்தன; அந்த வழியாகப் போகும் கலங்களிடம் வரி வாங்கினார்கள். கொடுக்காதவர்களிடம் பறித்தார்கள். கிளேர் தீவில் துறைமுகத்தை ஒட்டி அவருடைய கோபுரக்கோட்டை இன்றும் நிற்கிறது.

ஆங்கிலேய ஆளுநர் ரிச்சர்ட் பிங்கம் அவருடைய மகனைப் பிடித்து வைத்தபோது, 1593-இல் கடல் வழியாக லண்டன் போய் கிரீனிச் அரண்மனையில் முதலாம் எலிசபெத்தை நேரில் சந்தித்தார். இவருக்கு ஆங்கிலம் வராது, அவருக்கு ஐரிஷ் வராது, ஆகவே இருவரும் லத்தீனில் பேசினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அறுபதைத் தாண்டிய ஒரு தாய் மகனுக்காகப் போய் நின்ற காட்சிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மகன் விடுதலையானார். அந்த மகனே 1627-இல் முதல் மேயோ வைகவுண்ட் ஆனார் என்பது கதையின் மறுபாதி. அந்தப் பட்டம் பின்னாளில் வாரிசின்றி அழிந்தது. வைஸ்ராயின் பட்டம் போர்க் குடும்பத்தின் வேறு ஒரு கிளைக்குப் புதிதாகத் தரப்பட்டது.

பிரெஞ்சுப் படை இங்கே இறங்கியது உண்மையா?

உண்மை. 1798 ஆகஸ்ட் 22 அன்று பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த ஐரிஷ்காரர்களுக்கு உதவ, ஜெனரல் உம்பேர் தலைமையில் சுமார் ஆயிரம் பிரெஞ்சு வீரர்கள் கில்லாலா விரிகுடாவில் இறங்கினார்கள். ஊர் விவசாயிகள் ஈட்டியோடு சேர்ந்துகொண்டார்கள். ஆகஸ்ட் 27 காசில்பாரில் பிரிட்டிஷ் படை எவ்வளவு வேகமாக ஓடியது என்றால், அந்தச் சண்டைக்கு 'காசில்பார் ஓட்டப்பந்தயம்' என்றே பெயர் வந்துவிட்டது. ஜான் மூர் என்பவரைத் தலைவராக வைத்து கானாட் குடியரசு என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி பாலினமக் என்ற ஊரில் நடந்த சண்டையோடு எல்லாம் முடிந்தது. சரணடைந்த பிரெஞ்சுக்காரர்களைப் போர்க்கைதிகளாக மரியாதையோடு நடத்தினார்கள். ஐரிஷ்காரர்களை வெட்டியும் தூக்கிலிட்டும் கொன்றார்கள்.

பஞ்சத்தில் என்னதான் நடந்தது?

1845-இல் உருளைக்கிழங்குச் செடியை ஒரு வகைப் பூஞ்சண நோய் தாக்கியது. காலையில் பச்சையாக இருந்த வயல் சில நாட்களில் கருகியது. தோண்டினால் கிழங்கு கூழாக நாறியது. முதல் ஆண்டு ஒரு பகுதிதான் போயிற்று. 1846-இல் அநேகமாக முழுவதும் போயிற்று. விதைக்கிழங்கையும் சாப்பிட்டுவிட்டதால் 1847-இல் நட்டதே குறைவு. 1848-இல் நோய் மறுபடி வந்தது.

மேயோ மக்கள் கிழங்கை நம்பியிருந்த அளவுக்கு வேறு எந்தப் பகுதியும் நம்பியிருக்கவில்லை என்று சொல்லலாம். 1851 கணக்கெடுப்பில் மேயோவில் 2,74,499 பேர் மட்டுமே. பத்தாண்டில் 1,14,388 பேரைக் காணவில்லை, 29 சதவீதம். இதில் பசியாலும் காய்ச்சலாலும் செத்தவர்கள் எத்தனை, கப்பலேறியவர்கள் எத்தனை என்று துல்லியமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. சாவைப் பதிவு செய்ய அன்றைக்கு முறையான ஏற்பாடே இல்லை.

கடல் பக்கத்தில்தானே இருந்தது, மீன் பிடித்திருக்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். அட்லாண்டிக்கின் அந்தப் பகுதியில் தோல் போர்த்திய சிறு படகில் குளிர்காலத்தில் போக முடியாது. பெரிய படகு, வலை, உப்பு எதற்கும் பணம் இல்லை. இருந்த வலையையும் படகையும் பசியில் அடகு வைத்தார்கள்.

டூலாக் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது?

இதைச் சொல்லாமல் மேயோவைப் பற்றிப் பேச முடியாது. 1849 மார்ச் இறுதி. லூயிஸ்பர்க் என்ற சிற்றூரில் நிவாரணம் வாங்கிக்கொண்டிருந்த ஏழைகளை, அவர்கள் உண்மையிலேயே தகுதியானவர்களா என்று சோதிக்க இரண்டு அதிகாரிகள் வரவேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கூடியிருந்தார்கள். அதிகாரிகளோ சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி இருந்த டெல்ஃபி மாளிகைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அங்கே வந்து நிற்காதவர்களின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று சொல்லப்பட்டது.

இரவோடு இரவாக நடந்தார்கள். குளிர், மழை, பலருக்குச் செருப்பில்லை, சிலருக்கு உடம்பில் துணியே சரியாக இல்லை. போய்ச் சேர்ந்தவர்களை அதிகாரிகள் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருக்கச் சொன்னார்கள் என்று ஊரார் இன்றும் சொல்கிறார்கள். திரும்பும் வழியில் ஏரிக்கரையில் பலர் விழுந்து இறந்தார்கள். அப்போது பத்திரிகைக்கு வந்த கடிதத்தில் ஏழு உடல்கள் என்று இருந்தது; ஊர் நினைவில் எண்ணிக்கை அதைவிட மிகப் பெரியது.

அந்தச் சாலையில் இப்போது எளிய கற்சிலுவை ஒன்று நிற்கிறது. அதில் மகாத்மா காந்தியின் வாசகம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது: சக மனிதர்களை இழிவுபடுத்துவதில் மனிதர்கள் எப்படிப் பெருமை காண முடியும் என்ற கேள்வி. முதல்முறை அந்தப் பெயரை அங்கே படித்தபோது நான் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் கிளம்பவில்லை. இரு பக்கமும் மலை, நடுவில் கருத்த ஏரி, கண்ணுக்கெட்டிய வரை ஒரு வீடு கிடையாது. ஆண்டுதோறும் அந்த வழியே நினைவு நடை நடக்கிறது. 1991-இல் தென்னாப்பிரிக்காவின் டெஸ்மண்ட் டூட்டு நடந்தார். 1847-இல் தங்கள் வறுமையிலும் அயர்லாந்துக்குப் பணம் திரட்டி அனுப்பிய அமெரிக்கப் பழங்குடியினரான சோக்டாவ் மக்களின் பிரதிநிதிகளும் வந்து நடந்திருக்கிறார்கள்.

அரசாங்கம் ஏன் காப்பாற்றவில்லை? அதில் நம் சென்னைக்கு ஒரு தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. லண்டன் கருவூலத்தில் பஞ்ச நிவாரணத்தின் கடிவாளம் சார்லஸ் ட்ரெவெல்யன் கையில் இருந்தது. இலவசமாகக் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள், சந்தையில் தலையிடக் கூடாது, அயர்லாந்தின் வறுமையை அயர்லாந்தின் சொத்தே சுமக்கட்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. சாலை போடும் வேலை கொடுத்தார்கள். பட்டினியில் இருப்பவன் கல் உடைத்தால்தான் கூலி. 1847 கோடையில் கஞ்சித்தொட்டி திறந்தபோது நாடு முழுவதும் ஒரு நாளைக்கு முப்பது லட்சம் பேர் வரை சாப்பிட்டார்கள். உயிர்கள் பிழைத்தன. சில மாதங்களில் அதையும் மூடிவிட்டு, சுமையை உள்ளூர் வரியின் மேல் தள்ளினார்கள்.

அங்கேதான் கத்தி இறங்கியது. சிறு குத்தகைக்காரனுக்கான வரியை நிலச்சுவான்தார் கட்ட வேண்டும் என்பது சட்டம். குத்தகைக்காரனே இல்லாவிட்டால் வரியும் இல்லை. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது என்றும் ஒரு விதி வந்தது. எனவே பசித்தவன் நிலத்தை விட்டான், விடாதவனை வெளியேற்றினார்கள். காசில்பாரின் லூக்கன் பிரபு வீடுகளின் கூரையைப் பிரித்துத் தரைமட்டமாக்கி மேய்ச்சல் நிலமாக மாற்றினார். மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'நிர்மூலமாக்குபவர்'.

ட்ரெவெல்யன் 1859-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். இங்கே மக்கள் பூங்காவை உருவாக்கினார். புதிய வரிகள் மக்களுக்குத் தாங்காது என்று கல்கத்தா அரசை வெளிப்படையாக எதிர்த்து, அதற்காக 1860-இல் திருப்பி அழைக்கப்பட்டார். சென்னையில் நல்ல பெயர். மேயோவில் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் மாறும். இரண்டும் ஒரே மனிதர்தான். வரி குறைவாக இருக்க வேண்டும், அரசு ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற அதே நம்பிக்கை இங்கே கருணையாகவும் அங்கே கொடுமையாகவும் முடிந்தது என்றே நான் நினைக்கிறேன்.

கல்கத்தாவிலிருந்த ஐரிஷ் வீரர்களும் கம்பெனி ஊழியர்களும் மற்றவர்களும் சேர்ந்து சுமார் 14,000 பவுண்ட் திரட்டி அனுப்பினார்கள். வெளிநாடுகளிலிருந்து போன உதவிகளில் மிக முந்தியவற்றில் அது ஒன்று.

பஞ்சம் முடிந்ததும் மக்கள்தொகை மீளவில்லையா?

மீளவில்லை. உடனே சரியவும் இல்லை. 1861-க்கும் 1881-க்கும் இடையே குறைந்தவர்கள் பத்தாயிரம் பேர் அளவில்தான். ஆண்கள் கோடையில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் அறுவடைக்குப் போய்ச் சம்பாதித்து வந்து வாரம் கட்டினார்கள். அந்தப் பணம் குடும்பங்களை ஊரில் வைத்திருந்தது.

1879-இல் மழையும் மகசூல் தோல்வியும் வந்தபோது அந்தப் பிடியும் தளர்ந்தது. 1883, 84-இல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹேக் டியூக் என்ற அறப்பணியாளரின் திட்டத்தில் பிளாக்ஸாட் விரிகுடாவிலிருந்து 3,000-க்கும் மேற்பட்டோர் குடும்பம் குடும்பமாக அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். பிறகு தனித்தனியாகப் போனார்கள். நிலம் இனி ஒரு பிள்ளைக்கு மட்டும் என்று வழக்கம் மாறியிருந்தது. அந்த ஒருவனும் அப்பா நிலத்தை எழுதித் தரும் வரை, நாற்பது வயதானாலும், கல்யாணம் செய்ய முடியாது. மற்ற பிள்ளைகளுக்கு டிக்கெட். முதலில் போன அக்கா பாஸ்டனிலோ கிளீவ்லாந்திலோ வீட்டுவேலை செய்து, அடுத்த தங்கைக்கு டிக்கெட் அனுப்புவாள்.

1901-இல் 1,99,166. 1911-இல் 1,92,177. 1926-இல் 1,72,690. 1971-இல் 1,09,525, அதுதான் மிகக் குறைந்த அளவு. 130 ஆண்டுகளில் நூற்றில் எழுபத்திரண்டு பேர் குறைந்திருந்தார்கள். அயர்லாந்து விடுதலை பெற்ற பிறகும் அரை நூற்றாண்டு சரிவு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் பஞ்சத்தின் மேலும் ஆங்கிலேயர் மேலும் போட்டுவிட முடியாது.

'பாய்காட்' என்ற சொல் மேயோவில் பிறந்ததா?

ஆம். நாமும் சுதேசி இயக்க காலத்திலிருந்து பயன்படுத்தும் அந்தச் சொல் ஒரு மனிதரின் பெயர்.

மேயோவின் ஸ்ட்ரேட் என்ற ஊரில் 1846-இல் பிறந்தவர் மைக்கேல் டேவிட். நான்கு வயதில் அவர் குடும்பம் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டது. இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலையில் வேலை செய்தபோது, பதினோரு வயதில் இயந்திரத்தில் சிக்கி வலக்கையை இழந்தார். அவர் திரும்பி வந்து, 1879 ஆகஸ்டில் காசில்பாரில் குத்தகை விவசாயிகளுக்காக மேயோ நிலக் கழகத்தைத் தொடங்கினார். அக்டோபரில் அது தேசிய இயக்கமானது, ஐரிஷ் அரசியல்வாதி பார்னெல் அதன் தலைவரானார்.

1880 இலையுதிர் காலத்தில் மாஸ்க் ஏரிக்கரையில், எர்ன் பிரபுவின் முகவராக இருந்த கேப்டன் சார்லஸ் பாய்காட் வாரம் குறைக்க மறுத்து வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பினார். ஊர் அவரை அடிக்கவில்லை. வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். கொல்லர் குதிரைக்கு லாடம் அடிக்க மறுத்தார். துணி வெளுப்பவர் வரவில்லை. கடைக்காரர் சாமான் தரவில்லை. விளைந்த கிழங்கும் டர்னிப்பும் வயலில் கிடந்தன. வடக்கிலிருந்து ஐம்பது தன்னார்வலர்கள் வந்தார்கள். அவர்களைக் காக்க ஆயிரம் பேர் அளவில் படை. சுமார் 500 பவுண்ட் மதிப்புள்ள விளைச்சலை எடுக்க ஏறத்தாழ 10,000 பவுண்ட் செலவாயிற்று. டிசம்பர் முதல் தேதி பாய்காட் ஊரைவிட்டுப் போனார். 'சமூக விலக்கு' என்ற கடினமான ஆங்கிலச் சொல் விவசாயிகளுக்குப் புரியாதே என்று உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓமாலிதான் அவருடைய பெயரையே வினைச்சொல்லாக்கினார்.

இதன் இருண்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1930-இல் புராட்டஸ்டன்ட் பெண் ஒருவர் கவுண்டி நூலகராக நியமிக்கப்பட்டபோது இதே ஆயுதத்தை அவர் மேல் திருப்பினார்கள். நூலகங்களை மக்கள் புறக்கணித்தார்கள். கடைசியில் அவரை டப்ளினுக்கு மாற்றினார்கள். மேயோ அன்று செய்தது தவறு.

அக்கில் தீவு ரயில் பற்றிய தீர்க்கதரிசனம் உண்மையா?

நடந்ததைச் சொல்கிறேன். பதினேழாம் நூற்றாண்டில் பிரையன் ரூவா என்பவர், இரும்புச் சக்கரம் கொண்ட வண்டிகள் நெருப்பும் புகையும் கக்கிக்கொண்டு அக்கிலுக்கு வரும், முதல் வண்டியும் கடைசி வண்டியும் பிணங்களைக் கொண்டுவரும் என்று சொன்னதாக ஊர் நம்பிக்கை.

1894 ஜூன் 14 அன்று, ஸ்காட்லாந்துக்குக் கிழங்கு தோண்டும் வேலைக்குப் புறப்பட்ட அக்கில் இளைஞர்கள் வெஸ்ட்போர்ட் துறையில் நின்ற கப்பலைப் பார்க்கப் படகின் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள். படகு கவிழ்ந்தது. 32 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்பிள்ளைகள். ரயில் பாதை அப்போதுதான் போடப்பட்டுக்கொண்டிருந்தது. முறைப்படி திறப்பதற்கு முன்பே ஓடிய ரயிலில் உடல்கள் வந்தன. 1937 செப்டம்பர் 16 அன்று ஸ்காட்லாந்தின் கிர்கின்டிலோக்கில் தங்கியிருந்த கொட்டகை தீப்பிடித்து, அதே கிழங்கு வேலைக்குப் போன அக்கில் பையன்கள் பத்துப் பேர் எரிந்துபோனார்கள். இளையவனுக்குப் பதின்மூன்று வயது. அவர்களின் உடல்களும் ரயிலில்தான் வந்தன. அடுத்த சில நாட்களில் அந்தப் பாதை நிரந்தரமாக மூடப்பட்டது.

தீர்க்கதரிசனத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நாற்பத்து மூன்று ஆண்டு இடைவெளியில், ஒரே தீவின் பிள்ளைகள், ஒரே வேலைக்குப் போய் மாண்டார்கள் என்பதுதான் என்னைத் தைக்கிறது. அந்தப் பாதை இன்று சைக்கிள் பாதை.

தீவுகளில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்களா?

அக்கிலில் இருக்கிறார்கள், பாலம் இருப்பதால். கிளேர் தீவில் நூற்றைம்பது பேர் அளவில், இனிஷ்டர்க்கில் ஐம்பது, அறுபது பேர். இனிஷ்கீ தீவுகள் காலி. 1927 அக்டோபர் இறுதியில் ஓர் இரவு திடீர்ப் புயலில் அந்தத் தீவின் இளம் மீனவர்கள் பத்துப் பேர் மூழ்கினார்கள். சின்ன ஊரில் பத்து வாலிபர்கள் போனால் படகு வலிக்க யார் மிச்சம்? 1930-களில் எஞ்சியவர்கள் கரைக்கு மாறிவிட்டார்கள். கூரையில்லாத வீடுகள் வரிசையாகக் கடலைப் பார்த்து நிற்கின்றன.

பழைய கணக்கெடுப்பு எண்களை நம்பலாமா? முன்னோரைத் தேட முடியுமா?

மொத்த எண்களை நம்பலாம்; அவை அந்தந்தக் காலத்திலேயே அறிக்கையாக அச்சாகிவிட்டன. வீடுவாரியான படிவங்கள்தான் போய்விட்டன. 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது சாம்பலாயிற்று. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசாங்கமே அழித்தது. முழுமையாக எஞ்சிய மிகப் பழையவை 1901, 1911 படிவங்கள்; இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

1911 படிவத்தில் திருமணமான பெண்களுக்கு மூன்று கட்டங்கள்: மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. மேயோ கிராமங்களின் தாள்களை ஓர் இரவு புரட்டிக்கொண்டிருந்தேன். பத்து, எட்டு. பதினொன்று, ஏழு. பிள்ளைகள் உயிரோடு இருப்பதாகத் தாய் சொல்கிறாள்; வீட்டில் இருப்பவர்கள் பட்டியலிலோ இரண்டு பெயர்தான். மற்றவர்கள் எங்கே என்று கேட்கும் கட்டம் அந்தத் தாளில் இல்லை.

மக்கள்தொகை எப்போது திரும்ப ஏறத் தொடங்கியது?

1971-க்குப் பிறகு மெல்ல. 1996-இல் 1,11,524, 2011-இல் 1,30,638. தொழிற்சாலைகள், ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்தது, சுற்றுலா என்று காரணங்கள் பல. ஆனால் ஊரார் முதலில் சொல்வது விமான நிலையத்தைத்தான். நாக் என்ற சிற்றூரில் 1879 ஆகஸ்டில் பதினைந்து பேர் தேவாலயச் சுவரில் மாதாவின் காட்சியைக் கண்டதாகச் சொன்னார்கள். அது பெரும் யாத்திரைத் தலமாயிற்று. பங்குத்தந்தை ஜேம்ஸ் ஹோரன், சதுப்பு மண்டிய குன்றின் மேல் பன்னாட்டு விமான நிலையம் கட்டியே தீருவேன் என்று நின்றார். அரசு பாதியில் பணத்தை நிறுத்தியபோது மக்களிடம் திரட்டினார். 1986 மே மாதம் திறந்தது. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் பிள்ளை வார இறுதிக்கு வந்துபோக முடிகிறது என்பது அந்த ஊரில் சின்ன விஷயமில்லை.

இன்று யார் யார் வாழ்கிறார்கள்?

பாலிஹானிஸ் ஊரைப் பார்த்தால் புரியும். 1970-களில் தொடங்கிய ஹலால் இறைச்சி ஆலையால் பாகிஸ்தான், சிரியக் குடும்பங்கள் வந்தன. 1980-களில் பள்ளிவாசல் எழுந்தது. பிறகு போலந்து, லித்துவேனியா மக்கள். 2011, 2016 கணக்கெடுப்புகளில் அந்த ஊரில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் பிறநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள். காசில்பாரில் மருத்துவமனையைச் சுற்றி நம் நாட்டுச் செவிலியர் குடும்பங்களைப் பார்க்கலாம். பல தலைமுறையாகப் பிள்ளைகளை அனுப்பிய கவுண்டி இப்போது வேற்றூர்ப் பிள்ளைகளைத் தன் பள்ளியில் சேர்க்கிறது.

கவலையும் இருக்கிறது. ஊர்களும் அவற்றைச் சுற்றிய பகுதிகளும் வளர்கின்றன. எரிஸ், அக்கில் போன்ற ஓரங்களில் முதியவர்கள்தான் அதிகம். பெல்மல்லெட் பக்கத்திலும் அக்கிலிலும் டூர்மகேடியிலும் ஐரிஷ் மொழிப் பகுதிகள் இருக்கின்றன, ஆனால் வீட்டில் அன்றாடம் பேசுபவர்கள் குறைந்து வருகிறார்கள்.

கால்பந்தில் சாபம் என்கிறார்களே?

ஐரிஷ் வகைக் கால்பந்தில் மேயோ கடைசியாக நாட்டுக் கோப்பையை வென்றது 1951. அதற்குப் பிறகு எத்தனையோ முறை இறுதிப்போட்டி வரை வந்து தோற்றிருக்கிறார்கள். வென்று திரும்பிய அணி ஃபாக்ஸ்ஃபோர்டில் ஒரு இறுதி ஊர்வலத்துக்கு நிற்காமல் போனதால் வந்த சாபம் என்பார்கள். இருந்தும் ஒவ்வொரு கோடையும் வீட்டுக்கு வீடு பச்சை சிவப்புக் கொடி ஏறும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போக வேண்டும்?

அக்கிலில் ஸ்லீவ்மோர் மலைச்சரிவு. எண்பது, நூறு கல்வீடுகள் ஒரு மைல் நீளத்துக்கு வரிசையாக, கூரையின்றி நிற்கும். ஓர் அறைதான், ஒரு பாதியில் மாடும் மறுபாதியில் மனிதர்களும் படுத்த வீடுகள். சில வீடுகளின் உட்சுவரில் மாடு கட்டிய கல் வளையம் இன்னும் இருக்கிறது. விரலை விட்டுப் பார்த்தால் கயிறு தேய்த்த இடம் வழவழப்பாக இருக்கும்.

மாலையில் போங்கள். உச்சி வெயிலில் பச்சைப் புல் மட்டும்தான் தெரியும். வெயில் சாயத் தொடங்கியதும் மலை முழுவதும் கோடு கோடாக நிழல் விழும், பாய் விரித்தது போல. அவை கிழங்குப் பாத்திகள். யாரும் ஏறவே தயங்கும் உயரம் வரை இருக்கின்றன. கடைசியாக அவற்றைக் கொத்தியவர்கள் போய் நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகிறது. வரி இன்னும் கலையவில்லை.